வலிக்காத புண்

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. சம்பா நடவுக்குச் சேற்றில் இறங்கியதிலிருந்து கால் விரலிடுக்கில் புண் இருக்கிறது. வலியில்லை என்பதால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதும் என்கிறார். சரியா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அவர் ஆறுதலாகச் சொல்லும் அந்த 'வலியில்லை' என்ற சொல்தான் எனக்குக் கவலையளிக்கிறது. சர்க்கரை நெடுநாள் கட்டுப்படாதிருந்தால் பாத நரம்புகள் உணர்விழப்பதோடு இரத்த ஓட்டமும் குறையக்கூடும் என்பதால், ஊரில் எல்லோருக்கும் வரும் சேற்றுப்புண்கூட இவருக்கு எலும்புவரை பரவக்கூடும். மஞ்சள் பூசுவதால் புண்ணின் நிறமாற்றமும் மறைந்துவிடும். ஆகவே கைவைத்தியத்தை நிறுத்தி, நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம், சிவப்பு, துர்நாற்றம், கருமை, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இன்றே செல்லுங்கள். பாத உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழைப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

புண் ஆறும்வரை அவர் சேற்றில் இறங்கக் கூடாது. நடவு நேரத்தில் இதைச் சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். வரப்பில் நின்று மேற்பார்வை பார்க்கட்டும், அதுவும் செருப்பணிந்து, ஏனெனில் கருவேல முள் தைத்தாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். தினமும் இரவில் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றி ஒற்றியெடுத்து, உள்ளங்காலை நீங்களே விளக்கொளியில் பாருங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடும்.