என்னை நானே ஏசிக்கொள்வதை எப்படி நிறுத்துவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 35 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சென்ற மாதம் நான் தயாரித்த அறிக்கையில் ஒரு தொகை விடுபட்டுவிட்டது. மேலாளர் அதைத் திருத்தச் சொன்னதோடு விட்டுவிட்டார். ஆனால் 'உனக்கு எதையுமே உருப்படியாகச் செய்யத் தெரியாது' என்று என் மனம் என்னை ஏசுவது மட்டும் ஓயவில்லை. அதை நினைக்கவே கூடாது என்று உறுதியெடுத்தால் இன்னும் அதிகமாக நினைவுக்கு வருகிறது. கண்ணாடி முன் நின்று 'நான் திறமைசாலி' என்று சொல்லிப் பார்த்தேன். பொய் சொல்வதுபோல் கூச்சமாக இருந்தது. என்னிடம் நானே கனிவாக இருந்தால் பொறுப்பு குறைந்துவிடுமோ என்றும் அஞ்சுகிறேன்.

பதில்: நீங்கள் முயன்ற இரண்டு வழிகளும் பலன் தராததற்கு உங்கள் மனவலிமைக் குறைவு காரணம் அன்று. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்க வேண்டும், நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னபோது, மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, தொடக்கத்திலிருந்தே அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்கே அந்த நினைவு அதிகமாக வந்தது. ஓர் எண்ணத்தைத் துரத்த வேண்டுமானால் அது வந்துவிட்டதா என்று மனம் ஓயாமல் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கண்காணிப்பே எண்ணத்தை மறுபடியும் அழைத்து வந்துவிடுகிறது.

கண்ணாடி முன் சொன்ன வாசகத்தின் கதையும் இதுதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட் தம் சக ஆய்வாளர்களுடன் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் 'நான் அன்புக்குரியவர்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை, அப்படிச் சொல்லாத தன்மதிப்பு குறைந்தவர்களின் மனநிலையைவிடத் தாழ்ந்திருந்தது. நாம் நம்பாத ஒரு பெரிய புகழ்ச்சியைச் சொல்லும்போது, அதை மறுக்கும் சான்றுகளை மனம் உடனே அடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நமக்கு நாமே சொல்லும் ஊக்கச்சொல் இனிமையாக இருப்பதைவிட உண்மையாக இருப்பது முக்கியம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

உண்மையைத் தேடுவதற்கு முதலில் அந்த ஏச்சைத் தாளில் எழுதுங்கள். மனம் எந்தச் சொற்களில் சொல்கிறதோ அதே சொற்களில், மென்மையாக்காமல் எழுதுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சையளித்து வந்த மனநல மருத்துவர் ஆரன் பெக், 1960-களில், தம்மிடம் வந்தவர்களின் உள்ளத்தில் இத்தகைய எண்ணங்கள் அழைக்காமலே ஓடுவதையும், அவற்றை அவர்கள் ஆராயாமலே நம்பிவிடுவதையும் கவனித்தார். அந்தக் கவனிப்பின் மீது வளர்ந்த சிகிச்சைமுறையின் அடிப்படை வேலை, எண்ணத்தை வெளியே எடுத்துவைத்து அதற்குச் சான்று கேட்பது. 'எதையுமே' என்கிறது உங்கள் மனம். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் சரியாக முடித்துக்கொடுத்த கணக்குகள் அந்த ஒரு சொல்லுக்குள் எங்கே போயின? ஒரு தொகை விடுபட்டது உண்மை. மற்றதெல்லாம் அந்த உண்மையின்மேல் மனம் ஏற்றிய தீர்ப்பு. இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதினாலே ஏச்சின் பிடி ஓரளவு தளர்வதை உணர்வீர்கள்.

அதன் பிறகு, உங்களையே உங்கள் பெயர் சொல்லி அழைத்துப் பேசிப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஈதன் கிராஸ் தலைமையில் 2014-இல் வெளியான ஆய்வுகளில், மேடைப்பேச்சு போன்ற பதற்றமான வேலைக்கு முன் 'நான்' என்று நினைத்துக்கொண்டவர்களைவிட, தம் பெயரைச் சொல்லித் தமக்குள் பேசிக்கொண்டவர்கள் குறைவாகப் பதறினார்கள். பேச்சையும் மேலாக நிகழ்த்தினார்கள். பெயர் சொல்லி அழைத்தவுடன், அருகில் அமர்ந்திருக்கும் தோழிக்குப் பேசும் நிதானம் நமக்கு வந்துவிடுகிறது. இதே தவற்றைச் செய்துவிட்டு உங்கள் தோழி கலங்கி நின்றால் என்ன சொல்வீர்கள்? 'ஒரு வரி விடுபட்டது, தெரிந்த அன்றே திருத்திவிட்டாய், அனுப்புவதற்கு முன் கூட்டுத்தொகையை இன்னொரு முறை சரிபார்த்தால் போதும்' என்பீர்கள் அல்லவா? அதில் வெறும் புகழ்ச்சியும் இல்லை, மழுப்பலும் இல்லை. நடந்தது, செய்தது, அடுத்துச் செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் இருக்கின்றன. நீங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஊக்கச்சொல்லும் இதுவே. முதல் சில நாட்கள் செயற்கையாகத் தோன்றினாலும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் ஏச்சு பல ஆண்டுப் பழக்கம்.

கனிவு பொறுப்பைக் குலைக்கும் என்ற அச்சத்தைப் பலர் எனக்கு எழுதுகிறார்கள். ஆய்வுகள் அதற்கு நேர்மாறாகவே சொல்கின்றன. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்தது என்று கனடாவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஏச்சுக்கு அஞ்சும் மனம், தவறு நடந்த அந்த வேலையின் பக்கமே போக மறுக்கிறது. மன்னிக்கப்பட்ட மனத்தால்தான் அறிக்கையை மறுபடியும் திறந்து பார்க்க முடியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த ஏச்சுடன் சேர்ந்து, தூக்கமின்மையோ பசியின்மையோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருப்பதே வீண் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள்.

கேள்வி: என் 9 வயது மகன் கணக்கு தப்பாகும்போதெல்லாம் 'நான் முட்டாள்' என்று அழுகிறான். நாங்கள் அவனைத் திட்டியதே இல்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் அவனைத் திட்டாமல் இருக்கலாம், அவன் காதுபட உங்களையே திட்டிக்கொள்கிறீர்களா என்று கவனியுங்கள். குழந்தை முதலில் பெரியவர்களுடன் பேசுகிறது, பிறகு தனக்குத்தானே வாய்விட்டுப் பேசுகிறது, அந்தப் பேச்சே காலப்போக்கில் உள்ளே அடங்கி மௌனச் சிந்தனையாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி விளக்கினார். ஆகவே வீட்டில் ஒரு பொருளைத் தொலைத்துவிட்டால், 'எனக்கு மூளையே இல்லை' என்பதற்குப் பதிலாக, 'எங்கே வைத்தேன் என்று வரிசையாக யோசித்துப் பார்க்கிறேன்' என்று அவன் கேட்கும்படி சொல்லுங்கள். அவன் அழும்போது 'நீ முட்டாள் இல்லை' என்று வாதாடுவதால் பயன் குறைவு. 'எந்தப் படி வரைக்கும் சரியாக வந்தது, காட்டு' என்று கேளுங்கள். சரியாக வந்த படிகளை அவனே விரலால் தொட்டுக் காட்டட்டும்.