சேலம் மாடி அறையில் குமுறும் பேஸ்: டிஎஸ்பி வாங்கலாமா, எதை வாங்கலாம்?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். மாடி அறை 12-க்கு 10 அடி, உயரமும் 10 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. லோக்கல் மெக்கானிக் 5200–1943 டிரான்சிஸ்டர் போர்டு போட்டு அசெம்பிள் செய்து கொடுத்த ஆம்ப், 8 இஞ்ச் டூ வே பாக்ஸ் ஒரு ஜோடி, மூலையில் தனி ஆம்ப் உள்ள 12 இஞ்ச் சப் (சப்வூஃபர்). நீளச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறேன். அதில் படுத்தபடிதான் பாட்டுக் கேட்பேன். பேஸ் கிட்டார் பாட்டின் சில இடங்களில் மட்டும் வீங்கிக் குமுறுகிறது, மற்ற இடங்களில் காணாமல் போகிறது. பேஸைக் குறைத்தால் பாட்டே சப்பென்று ஆகிவிடுகிறது. கடைக்காரர் டிஎஸ்பி போர்டு (ஒலியை எண்களாக்கிக் கணக்குப் போட்டுத் திருத்தும் சிப் உள்ள போர்டு) போடச் சொல்கிறார். ஆன்லைனில் 28 பிட், 32 பிட், 300 மெகாஹெர்ட்ஸ், 192 கிலோஹெர்ட்ஸ் என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? போட்டால் பெரிய கம்பெனி செட் மாதிரி ஆகுமா? டிவியையும் இதில் இணைக்க வேண்டும்.

பதில்: வாங்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். போர்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது அளவெடுக்கும் மைக். அதற்கும் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது, கட்டிலிலிருந்து எழுந்து பார்ப்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் அறையின் அகலமும் உயரமும் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி முட்டித் திரும்பும்போது, அந்த இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு நீளமுள்ள அலை அங்கேயே நின்று ஊதிப் பெருகும். ஒலியின் வேகமான 343 மீட்டரை 6.1-ஆல் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் வருகிறது. அகலத்துக்கு ஒரு 56, உயரத்துக்கு இன்னொரு 56, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ். இப்போது பேஸ் கிட்டாரைப் பாருங்கள்: அதன் 'ஏ' கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அறை அதைத் தூக்கிக் கொடுக்கிறது. சில இடங்களில் மட்டும் வீங்குகிறது என்று நீங்கள் எழுதியதற்கு இதுதான் காரணம். ஆம்ப் மேல் தப்பில்லை, மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம்.

இந்த நிற்கும் அலைகள் சுவரோரத்திலும் தரையோரத்திலும் உச்சத்தில் இருக்கும். சரிபாதி நடுவில் அநேகமாக இல்லாமலே போகும். நீங்களோ பக்கச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் காதை வைத்துப் படுத்திருக்கிறீர்கள். இரண்டு 56-உம் ஓங்கி நிற்கும் இடம் அது. சப்பும் மூலையில். மூலை என்பது அறையின் எல்லா அலைகளையும் ஒருசேரக் கிளப்பிவிடும் இடம். ஒரு நாற்காலியை அகலத்துக்கு நடுவில் போட்டு, பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் உட்கார்ந்து அதே பாட்டைக் கேளுங்கள். உட்கார்ந்தால் காது மூன்றரை அடி உயரத்துக்கு வரும், உயரத்தால் வரும் குமுறலும் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். சப்பை மூலையிலிருந்து 10 அடிச் சுவரின் நடுவுக்கு நகர்த்தினால் அகலத்தின் 56 கிளம்பவே கிளம்பாது. இவ்வளவு செய்தபின் மிச்சம் இருப்பதுதான் டிஎஸ்பியின் வேலை. இல்லை, படுத்துத்தான் கேட்பேன் என்றால் அதிலும் தப்பில்லை. டிஎஸ்பிக்கு வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சரி, அந்த சிப் என்ன செய்கிறது? பெருக்கிக் கூட்டுகிறது, வேறொன்றுமில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் போர்டுக்கு விநாடிக்கு 48,000 மாதிரிகள், அதாவது ஒலியை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள், வருகின்றன. ஒவ்வொரு மாதிரியையும், அதற்கு முந்தைய ஓரிரண்டு மாதிரிகளையும் சில எண்களால் பெருக்கிக் கூட்டினால், வேண்டிய அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்கும் ஒரு ஃபில்டர் தயார். சாதாரண ஈக்யூ (ஈக்வலைசர்) ஃபில்டர் ஒன்றுக்கு ஐந்து பெருக்கல் போதும். 1983-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஎம்எஸ் 32010 ஒரு பெருக்கலை 200 நானோ விநாடியில் முடித்தது, அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த மோட்டரோலா 56000 வரிசைதான் ஆடியோக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனது. 24 பிட் எண்ணை 24 பிட்டால் பெருக்கினால் விடை 48 பிட். ஆனால் கூட்டி வைக்கும் இடத்தை அவர்கள் 56 பிட்டாக வைத்தார்கள். மேலே மிச்சமிருக்கும் 8 பிட்டால், 256 விடைகளைக் கூட்டினாலும் எண் வழிந்து ஓடாது. வழிந்தால் என்ன ஆகும் என்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: 'சடக்' என்று ஒரு சத்தம், சில சமயம் ட்வீட்டரும் போகும்.

நீங்கள் ஆன்லைனில் பார்த்த விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது அனலாக் டிவைசஸின் ஏடிஏயு 1701. 28 பிட் கணக்கு, 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மாதிரிக்கு 1,024 கட்டளைகள். இரண்டு பக்கத்துக்கும் சப்புக்கும் சேர்த்து முப்பது ஃபில்டர், கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியை சப்புக்கும் மற்றதைப் பாக்ஸுக்கும் பிரிப்பது), டிலே (ஒலியைத் தாமதப்படுத்துவது) எல்லாம் போட்டாலும் இடம் மிஞ்சும். அதே சிப்பை 192-இல் ஓட்டினால் மாதிரிக்கு 256 கட்டளைதான் கிடைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் 192-ஐப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் உங்கள் 56 ஹெர்ட்ஸுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தாழ்ந்த அலைவரிசைக்கு ஃபில்டர் போடும்போது அதன் எண்கள் 2-க்கும் 1-க்கும் மிக நெருங்கி வந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸில் அவற்றைக் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 0.00005 அளவு. 56 ஹெர்ட்ஸ் என்ற தகவலே அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. 192-க்குப் போனால் அந்த மிச்சம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். பிட் எண்ணிக்கை காதில் கேட்கிற இடம் இதுதான். 16 பிட் கணக்கில் இந்த ஃபில்டர் குறி தவறிப்போகும். 28 பிட் தாராளமாகப் போதும். மற்றபடி 32 பிட் என்றால் ஒலி இனிமை கூடும் என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

பிட்டையும் மெகாஹெர்ட்ஸையும் விட, போர்டுக்குள் ஒலி எப்படி நுழைகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதைப் பாருங்கள். டிவியையும் இணைக்க வேண்டும் என்கிறீர்கள். டிவியில் பெரும்பாலும் ஆப்டிக்கல் அவுட் இருக்கும். 1701-இல் அதை நேரடியாக வாங்கும் வசதி கிடையாது. ஏடிஏயு 1452 சிப்பில் அது உள்ளேயே இருக்கிறது. டிவி ஒரு வேகத்திலும் போர்டு ஒரு வேகத்திலும் ஓடினால் சமன் செய்துகொள்ளும் பகுதியும் அதிலேயே உண்டு. நீங்கள் பார்த்த 300 மெகாஹெர்ட்ஸ் இதுவாகத்தான் இருக்கும்: 294.912 மெகாஹெர்ட்ஸ், 48 கிலோஹெர்ட்ஸில் மாதிரிக்கு 6,144 கட்டளைகள். ஆனால் 1452-க்குள் ஒலியை எண்ணாக்கும் ஏடிசி, எண்ணை மறுபடி ஒலியாக்கும் டிஏசி இரண்டும் இல்லை. பக்கத்தில் வேறொரு சிப்பைப் போட்டிருப்பார்கள், தரம் அதைப் பொறுத்தது. வாங்குமுன் அது என்ன சிப் என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

உங்களுக்கு என் யோசனை: டிவி கட்டாயம் வேண்டுமென்றால் 1452 போர்டு, அல்லது மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டி மாதிரி ஆப்டிக்கல் இன்புட் உள்ள ரெடிமேட் பெட்டி. போர்டுக்கு சிக்மா ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளும் லேப்டாப்பிலிருந்து சிப்புக்கு அதை ஏற்றும் புரோகிராமர் என்ற சின்னக் கருவியும் வேண்டும். கட்டம் கட்டமாக இழுத்துப் போட்டு இணைப்பதுதான் வேலை என்றாலும், முதல் வாரம் பொறுமையைச் சோதிக்கும். ரெடிமேடில் அந்தத் தலைவலி இல்லை, காசு கூடுதல். ஒன்று நினைவிருக்கட்டும்: டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கி வரும் ஒலியை இவை எதுவும் பிரிக்காது. டிவி மெனுவில் ஆடியோ அவுட்டை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரைச்சல் வரும், அல்லது ஒன்றுமே வராது.

இனி மைக். யுமிக் 1 மாதிரி, ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி அளவுத் திருத்தக் கோப்பு தரும் யூஎஸ்பி மைக் ஒன்றை வாங்குங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். போன் மைக் இந்த வேலைக்கு ஆகாது. பேச்சுக்காகச் செய்தது, தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும். மைக்கை நீங்கள் உண்மையில் கேட்கும் இடத்தில், காது உயரத்தில் வைத்து, ஃபேனை நிறுத்தி, 15-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (தாழ்விலிருந்து படிப்படியாக ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். அம்மாபேட்டையில் பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் அந்தத் தடதடப்பும் அளவில் ஏறிவிடும். தறி நிற்கும் நேரம் பாருங்கள். முடியாவிட்டால் ஸ்வீப்பின் நீளத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் இரைச்சலுக்கு மேல் 3 டெசிபல் லாபம்.

வரைபடத்தில் மேடும் பள்ளமும் தெரியும். மேட்டை மட்டும் வெட்டுங்கள். உதாரணத்துக்கு 56-இல் 8 டெசிபல் மேடு இருந்தால், அதே 56-இல் 8 டெசிபல் குறைத்து ஒரு ஃபில்டர், க்யூ மதிப்பு (கூடக் கூட ஃபில்டர் குறுகலாகும்) 5 அளவில். அறையின் இந்த அலைக்கு நேரெதிரான ஃபில்டர் போடும்போது உயரம் குறைவதோடு, ஸ்வரம் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டிருக்கும் அந்த 'ம்ம்ம்' என்ற வாலும் நீங்கள் கேட்கும் இடத்தில் குட்டையாகும். நீங்கள் தேடும் இறுக்கமான பேஸ் இதுதான். பேஸ் நாபைத் திருகினால் இது வராது, ஏனென்றால் அது 56-ஐயும் 80-ஐயும் 100-ஐயும் சேர்த்தே இறக்குகிறது. பாட்டு சப்பென்று ஆனது அதனால்தான்.

பள்ளத்தைத் தூக்கப் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வரும் பள்ளம் அது. நீங்கள் கூட்டக் கூட்ட இரண்டும் சேர்ந்தே கூடும், பள்ளம் அப்படியே இருக்கும். 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் நான்கு மடங்கு பவர் தர வேண்டும், 12 ஏற்றினால் பதினாறு மடங்கு. 50 வாட் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் 800 வாட். சப் காயில் கருகும் வாசனைதான் மிஞ்சும்.

க்யூவை 15, 20 என்று ஊசி மாதிரி வைக்காதீர்கள். ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். சேலத்தில் மே மாத மதியம் 38 டிகிரி என்றால் 354 மீட்டர், உங்கள் 56 அப்போது 58 ஆகிவிடும். இதே அறையைத் தூக்கி ஏற்காட்டில் மார்கழி மாதத்து 12 டிகிரியில் வைத்தால் 55.5. மலை உயரத்தால் அல்ல, குளிரால்தான் இந்த மாற்றம். ஏசி போட்டுக் கேட்பவர் என்றால் ஏசி போட்டு அறை குளிர்ந்தபின் அளவெடுங்கள். ஸ்வீப் ஓடும்போது மட்டும் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் கிராஸ்ஓவரும் டிலேயும். சப்புக்கும் பாக்ஸுக்கும் 80 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 24 டெசிபல் லிங்க்விட்ஸ்–ரைலி வகையைப் போடுங்கள். சப், பாக்ஸ் இரண்டின் அலைகளும் ஒன்றாக ஏறி இறங்கிச் சமமாகக் கூடும். சப் ஆம்பிலேயே இருக்கும் ஃபில்டர் நாபை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஃபில்டர் அடுக்கிக்கொள்ளும். ஓர் அடி தூரத்தைக் கடக்க ஒலிக்கு 0.9 மில்லிசெகண்ட் ஆகும். சப் 9 அடியிலும் பாக்ஸ் 6 அடியிலும் இருந்தால், பாக்ஸ்களை 2.7 மில்லிசெகண்ட் தாமதப்படுத்த வேண்டும். கிட்டே இருப்பதைத்தான் காக்க வைக்க முடியும், தூரத்தில் இருப்பதை முன்னால் இழுக்க முடியாது. இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். டேப்பில் அளந்தது தொடக்கம் மட்டும். சப்பின் சொந்த ஆம்பும் கொஞ்சம் தாமதிக்கும், அதனால் 80-ஐச் சுற்றி வரைபடம் நிரம்பி வரும்வரை டிலேயை முன்பின் நகர்த்திப் பாருங்கள்.

பெரிய கம்பெனி செட் மாதிரி ஆகுமா என்றால், பேஸில் ஆகும். அறைக்கேற்பத் திருத்தாத கம்பெனி செட்டையும் தாண்டிப் போகலாம். 8 இஞ்ச் கோன் சத்தத்தில் திணறுவதையும், பெட்டிப் பலகை அதிர்வதையும் எந்தச் சிப்பும் மாற்றாது. 300 ஹெர்ட்ஸுக்கு மேலே ஈக்யூவை அதிகம் தொடாதீர்கள். அங்கே தலையைக் கொஞ்சம் திருப்பினாலே வரைபடம் மாறும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது சிலவற்றைச் சொல்லிவிடுங்கள். வால்யூம் கண்ட்ரோல் டிஎஸ்பிக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் வைத்துக் குறைத்தால் போர்டின் 'ஸ்ஸ்' இரைச்சல் அப்படியே நிற்க, பாட்டு மட்டும் இறங்கும். போர்டுக்கு 5 வோல்ட் சப்ளை நல்லதாக வேண்டும், பழைய மொபைல் சார்ஜரைப் போட்டால் 'கீய்ங்' என்ற சத்தம் ட்வீட்டரில் வரும். ஒருவேளை 1701-லேயே முடிப்பதென்றால் அதன் டிஏசி உச்சத்தில் 0.9 வோல்ட்தான் தரும், ஆம்பின் கெயின் அதற்குத் தோதாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். சிப் கண்விழிக்கும் அந்தச் சில நொடிகளில் 'டப்' என்று ஒரு அடி விழும், ரிலே தாமதமாக ஒட்டினால் அது ஸ்பீக்கருக்குப் போகாது. கடைசியாக, நீங்கள் எழுதிய செட்டிங் எல்லாம் ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவக சிப்) பதிந்திருக்கிறதா, கரண்ட் வந்ததும் அதைத் தானே படிக்கச் செய்யும் செல்ஃப் பூட் ஜம்பர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் போர்டு எல்லாவற்றையும் மறந்துவிடும், நீங்கள் மறுபடி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியிருக்கும்.