காற்றோடு போகாத இரவுகள்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் ‘எ மேன் ஃபார் ஆல் சீஸன்ஸ்’ படம் பார்த்தேன். அதில் நடித்த பால் ஸ்கோஃபீல்டுக்கு ஆஸ்கர் கிடைத்த பிறகும் ஏன் இவ்வளவு குறைவாகப் படம் நடித்தார்? ‘அமடேயஸ்’ நாடகத்தில் சலியேரி வேடத்தை முதலில் செய்தவர் அவர். படத்தில் அந்த வேடமும் ஆஸ்கரும் வேறொருவருக்குப் போயின. மேடையில் செய்ததெல்லாம் காற்றோடு போனது. திறமையை வீணடித்துவிட்டார் என்றே தோன்றுகிறது. நானும் 6 ஆண்டுகளாக நாடகக் குழுவில் இருக்கிறேன். சினிமாவுக்குப் போய்விடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஒரு வாரமாக நான் அவரையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. அமடேயஸை விடுங்கள், அதை ஏற்றவரும் நன்றாகவே செய்தார். சர் பட்டத்தை வேண்டாம் என்றது, 1967இல் ஆஸ்கர் வாங்கவே போகாமல் வெண்டி ஹில்லர் அவர் சார்பில் வாங்கியது, இதெல்லாம் ஊரறிந்த கதை. இங்கிலாந்தின் சஸெக்ஸில் வளர்ந்தார், அங்கேயே பால்கம் கிராமத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார், அந்த வாழ்க்கை அவருக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் ‘வீணடித்தார்’ என்று எப்படித் தம்பி எழுத மனம் வந்தது? 6 வருடம் மேடையில் நின்றவர் எழுதுகிற சொல்லா இது?

கல்லூரி நாட்களில் ஒரு திரைப்படச் சங்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஆங்கிலம் பாதிதான் புரியும், ரீல் மாற்றும்போதெல்லாம் பக்கத்து நண்பனிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னர் எட்டாம் ஹென்றிக்குப் பணிய மறுத்த தாமஸ் மோராக ஸ்கோஃபீல்டு நிற்கும் விசாரணைக் காட்சி வந்தது. பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு ரிச்சர்ட் ரிச் இறங்கிப் போகிறான், அந்த வேடத்தில் நடித்த ஜான் ஹர்ட் அப்போது சின்னப் பையன். தாமஸ் மோர் அவனை நிறுத்தி, கழுத்தில் கிடக்கும் பதவிச் சங்கிலியைக் கையிலெடுத்துப் பார்க்கிறார். வேல்ஸுக்கு அரசு வழக்கறிஞர் பதவி, பொய்க்குக் கிடைத்த கூலி. தன் தலை போகப்போகிறது என்று தெரிந்த மனிதர், அந்தப் பையனுக்காக வருத்தப்படுகிறார். குரலில் கோபமே இல்லை. வார்த்தை புரியாமலேயே எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தக் குரல் படப்பிடிப்பு நாளன்று திடீரென்று வந்ததில்லை. 1960இல் லண்டன் மேடையில் அதே வேடம், அடுத்த ஆண்டு நியூயார்க்கில், 1962இல் அதற்கு டோனி விருது. மாதக்கணக்கில், இரவுக்கு இரவு, அதே பொய்யைக் கேட்டு அதே பையனுக்காக வருந்தியிருக்கிறார். சில இரவு கோபமாகச் சொல்லிப் பார்த்திருப்பார், சில இரவு ஏளனமாக. ஒவ்வொன்றாக உதிர்ந்து கடைசியில் இரக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் என்று நான் நம்புகிறேன். காற்றோடு போனதாக நீங்கள் சொல்லும் இரவுகள் அந்தக் குரலுக்குள் இருக்கின்றன. படத்தைப் பார்த்தேன் என்கிறீர்கள், இதைக் கேட்கவில்லையா?

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னர் வேடமும் அப்படித்தான். 1962இல் பீட்டர் புரூக் இயக்கத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு மேடையில் அந்தக் கிழவனாக நின்றபோது அவருக்கு வயது 40. படம் வந்தது 1971இல். இடைப்பட்ட வருடங்களை வீண் என்பீர்களா?

சரி, சினிமாவுக்குப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். போங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன் அந்த விசாரணைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். கைபேசியில் வேண்டாம். அப்புறம், உங்கள் நாடகம் அடுத்து எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். வருகிறேன்.