லில்லிபாண்டில் கார்டும் வாத்தியப் பெயரும் எழுதுவது எப்படி?

அல்சூரில் ஒரு தமிழ்ப் பாடகர் குழுவுக்காக, இசைத்தாள் அச்சிடும் மென்பொருளான லில்லிபாண்டில் கிட்டார், வயலின் தாள் தயாரிப்பதாகவும், கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின் பெயர்களை) வெறும் எழுத்தாக மேலே ஒட்டுவதாகவும் சொல்லி, சரியான வழி கேட்டிருந்தீர்கள். அப்படிச் செய்யவே வேண்டாம். பாடகருக்காகச் சுருதியை மாற்றினால் ஸ்வரங்கள் நகரும், ஒட்டிய எழுத்து நகராது. நானும் இப்படி ஒரு ஞாயிறு காலை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

கார்டுகளை 'கார்ட்மோட்' பகுதிக்குள் எழுதி, 'கார்ட்நேம்ஸ்' வரிசையில் வையுங்கள். டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) செய்யும்போது அதையும் சேர்த்துக்கொண்டால் பெயர்களும் தானாக மாறும். பலரும் தடுக்கி விழுவது வரிசையில்தான்: முதலில் ஸ்வரம், அடுத்து கால அளவு, அதன் பிறகே முக்காற்புள்ளியும் (:) கார்டின் வகையும். அதாவது ஒரு முழு அளவு ஏ மைனர் என்றால் ஏ, 1, முக்காற்புள்ளி, எம். 1 கடைசியில் போனால் பிழை. இன்னொன்று, இயல்பாக லில்லிபாண்ட் ஸ்வரங்களுக்கு டச்சுப் பெயர்களையே எடுத்துக்கொள்ளும்; பி ஃபிளாட்டை 'பெஸ்' என்றும் எஃப் ஷார்ப்பை 'ஃபிஸ்' என்றும் எழுத வேண்டும். அச்சில் வழக்கமான குறியே வரும்.

வாத்தியப் பெயர் எளிது. ஸ்டாஃபின் (ஸ்வரங்கள் எழுதும் ஐந்து கோடுகளின்) 'வித்' பகுதியில் 'இன்ஸ்ட்ருமென்ட்நேம்' கொடுத்தால் முதல் வரியில் வரும். அடுத்த வரிகளுக்கு 'ஷார்ட்இன்ஸ்ட்ருமென்ட்நேம்'. தமிழிலேயே 'புல்லாங்குழல்' என்று எழுதலாம், கோப்பு யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் இருந்து கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தால் போதும். நீளமான பெயர் ஓரத்தில் முட்டினால், 'லேஅவுட்' பகுதியில் 'இன்டென்ட்' (முதல் வரியின் இடப்பக்க இடைவெளி) அளவைக் கூட்டுங்கள்.