செபஸ்தியாரும் ஐரீனும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் மன்னார்ப் பேராலயத்தின் பாதுகாவலர் புனித செபஸ்தியார். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் அம்மம்மா முதலில் அவரைத்தான் கூப்பிடுவா. இப்போது என் மகன் எதையோ படித்துவிட்டு, "அவர் அம்பு பட்டுச் சாகவே இல்லையாம் அம்மா, அந்தக் கதையே பிற்காலத்தில் எழுதினதாம்" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு போர்வீரர் எப்படி நோய்க்குக் காவலரானார்?

மன்னாரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் சொன்ன இரண்டுமே சரி. அதற்காக நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

உறுதியான சான்றுகள் சிலவே. விசுவாசத்துக்காக உயிர்விட்ட ரோமாபுரி மறைசாட்சிகளின் அடக்க நாள்களைக் குறித்த 354ஆம் ஆண்டுப் பட்டியலில், ஜனவரி 20க்கு நேரே பாப்பரசர் பபியானோடு செபஸ்தியார் பெயரும் இருக்கிறது. ஆப்பியன் பாதையோரத்து நிலத்தடிக் கல்லறையில் அடக்கம் என்கிறது அது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் ஆயராக இருந்த புனித அம்புரோசியார், செபஸ்தியார் மிலானைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் வேதகலாபனை கடுமையாக இருந்த ரோமுக்குத் தாமாகவே போனவர் என்று மறையுரையில் குறிப்பிடுகிறார். அம்பைப் பற்றி இவற்றில் ஒன்றும் இல்லை.

நாம் கேட்டு வளர்ந்த கதை 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அவர் இறந்து நூறாண்டுக்கும் மேலான பிறகு. அதன்படி அவர் பேரரசன் தியோக்கிளேசியனின் மெய்க்காவல் படைத்தலைவர். சிறையிலிருந்த கிறிஸ்தவர்களை மறைவாகத் திடப்படுத்தியது தெரியவர, கம்பத்தில் கட்டி அம்பெய்தார்கள். செத்தார் என்று விட்டுப் போனார்கள். அன்றிரவு உடலை எடுத்து அடக்கம் செய்ய ஐரீன் என்ற கைம்பெண் வருகிறாள். அவள் கணவன் கஸ்துலுஸும் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவன். பார்த்தால், மூச்சிருக்கிறது. தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயம் ஆற்றுகிறாள். அந்த வீடு இருந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அரண்மனைக்குள்ளேயே! கொல்லச் சொன்னவன் இருக்கும் வளாகத்திலேயே, கொல்லப்பட்டதாக எண்ணப்பட்டவர் உயிர் தேறுகிறார்.

நலமான பின் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று விசுவாசிகள் கெஞ்சுகிறார்கள். அவர் போகவில்லை. பேரரசன் வரும் வழியில் படிக்கட்டில் நின்று, கிறிஸ்தவர்களுக்குச் செய்யும் அநியாயத்தை முகத்துக்கு நேரே சொல்கிறார். இந்த முறை தடிகளால் அடித்தே கொன்று, உடலை நகரத்தின் பெரிய சாக்கடையில் போட்டார்கள். லூசினா என்ற பெண் அதை எடுத்து அடக்கம் செய்தாள்.

அம்பிலிருந்து கொள்ளைநோய்க்கு வந்த வழி பழையது. கிரேக்கர்களின் நம்பிக்கையில் அப்போல்லோ அம்பெய்துதான் நோயைப் பரப்புவான். நம் வேதாகமத்திலும் 91ஆம் திருப்பாடலில் பகலில் பாயும் அம்பும் இருளில் உலவும் கொள்ளைநோயும் அடுத்தடுத்து வருகின்றன. எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் ஆளை வீழ்த்துவது இரண்டுக்கும் பொது. 680இல் இத்தாலியின் பவியா நகரில் கொள்ளைநோய் வந்தபோது, ரோமிலிருந்து செபஸ்தியாரின் அருளிக்கத்தை, அதாவது அவரது உடலின் எச்சத்தை, கொண்டுவந்து பீடம் அமைத்ததும் நோய் தணிந்தது என்று அடுத்த நூற்றாண்டில் பவுல் தியாக்கர் என்ற வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்தார். 1348இன் கறுப்புச் சாவு என்ற பெருங்கொள்ளைநோய்க்குப் பின் ஐரோப்பா முழுக்க ஊருக்கு ஊர் அவருக்குப் பீடங்கள் எழுந்தன.

இன்று நாம் பார்க்கும் இளைஞரின் உருவம் அதற்குப் பிறகு பரவியதுதான். ரோமில் சங்கிலிகளின் பேதுரு ஆலயத்தில் 7ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் நரைத்த தாடியுள்ள முதியவர். உடலில் ஓர் அம்புகூட இல்லை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் சுரூபங்களில் ஐரீன் இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் பெற்றவர்களே பிள்ளையைத் தொட அஞ்சி ஓடினார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அந்த மக்களுக்கு இந்தக் கதை என்னவாகக் கேட்டிருக்கும்? செத்ததாக விடப்பட்ட ஒருவரை ஒரு பெண் தொட்டுத் தூக்குகிறாள், வீட்டுக்குள் கொண்டுபோகிறாள், அவர் பிழைக்கிறார். 17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். டச்சு ஓவியர் தெர் புருக்கன் 1625இல் வரைந்த படத்தில் செபஸ்தியாரின் உடல் சாம்பல் பூத்துத் தொங்குகிறது. ஐரீன் விலாவிலிருந்து ஓர் அம்பை மெதுவாகப் பிடுங்குகிறாள், பணிப்பெண் மணிக்கட்டின் கட்டை அவிழ்க்கிறாள். நோயாளி வீட்டில் பணிவிடை செய்பவர்களுக்கு அந்தப் படம் ஒரு செபப் புத்தகம்.

ஐரீனை அறிய அந்த 5ஆம் நூற்றாண்டு நூலைத் தவிர வழியில்லை. வரலாற்று ஆசிரியர் அவளைச் சந்தேகிக்க உரிமை உண்டு. ஆனால் உங்கள் அம்மம்மா அம்மை கண்ட பிள்ளையின் தலைமாட்டில் வேப்பிலையோடு உட்கார்ந்து செபஸ்தியாரைக் கூப்பிட்டாவே, அப்போது அவ செய்துகொண்டிருந்தது ஐரீனின் வேலையைத்தான். மகனுக்கு இதைச் சொல்லுங்கள். அவர் அம்பால் சாகவில்லை என்பதை அவன் மறுப்பாகச் சொல்கிறான். எனக்கோ அதுதான் கதையின் உயிர். பிழைத்தவர் தப்பி ஓடாமல் திரும்பிப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்தில் புனிதர் சரித்திரங்களை வாசாப்பாகவும் கூத்தாகவும் ஆடும் மரபு இருக்கிறதே. செபஸ்தியாரை ஆடும்போது அம்போடு நிறுத்திவிடாமல், ஐரீன் வரும் இரவையும் படிக்கட்டுக் காட்சியையும் ஆடச் சொல்லி, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டுப் பாருங்களேன்.

அன்புடன்