குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த புல்வெட்டி இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. கடைக்குப் போகாமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். டொராண்டோவில் வீடு வாங்கிய முதல் வருடம், மே மாதம், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம். கடையில் விட்டேன். இரண்டு வாரம் கழித்து "கார்ப்பரேட்டர் சுத்தம் செய்தோம்" என்று பில்லை நீட்டினார்கள். அதற்குள் புல் முழங்காலைத் தொட்டிருந்தது. இந்த ஊரில் புல் 20 செ.மீ.க்கு மேல் வளரவிடுவது விதிமீறல் என்பதே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அப்புறம் கடைப் பக்கம் போகவில்லை.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். போன அக்டோபரில் ஊற்றிய பெட்ரோல் என்றால் வார்னிஷ் மாதிரி ஒரு வாடை அடிக்கும். பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தாலே கெட ஆரம்பித்துவிடும். எத்தனால் கலந்ததாக இருந்தால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். சில சமயம் வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? பத்துத் தடவை கயிற்றை இழுத்துவிட்டு, உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சரியாக விழவில்லை. புது பிளக் வாங்கிப் போடுங்கள், விலை அதிகமில்லை. பல எஞ்சின்களுக்கு, பொறி தாவும் பிளக் முனையின் இடைவெளி 0.76 மி.மீ., உங்களுடையதற்குக் கையேட்டைப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. அப்போது பிளக்கை மாற்றிப் பயனில்லை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைத்தான் திறக்க வேண்டும்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெட்ரோல் குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டு, கார்ப்பரேட்டருக்கு அடியில் கிண்ணம் மாதிரி இருப்பதைக் கழற்றுங்கள். அதைப் பிடித்திருப்பது ஒரே போல்ட். சில எஞ்சின்களில் அந்த போல்ட்டேதான் ஜெட், அதாவது பெட்ரோலை அளவாக விடும் பாகம்: அதில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். சிலவற்றில் ஜெட் உள்ளே மேலே இருக்கும். பழைய பெட்ரோல் பிசினாகி அடைப்பது இந்த ஓட்டையைத்தான். மின்வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி உள்ளே விட்டு எடுத்து, கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்தால் போதும். தடித்த கம்பி, ஆணி எதையும் விட்டு ஓட்டையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். கிண்ணத்தின் ரப்பர் வளையம் பத்திரம். என்னுடையது புல்லில் விழுந்து தொலைந்து, அரை நாள் போனது.

கல்லிலோ வேரிலோ பிளேடு மோதி நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, கயிறு கையைப் பிடுங்குகிறது என்றால் கதை வேறு. எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை அதன் தண்டோடு பொருத்தி வைத்திருக்கும் சின்ன உலோகத் துண்டு (ஃப்ளைவீல் கீ) வெட்டுப்பட்டிருக்கலாம். பொறி விழும் நேரமே தவறிப்போகும். அந்தத் துண்டு மலிவு. ஆனால் ஃப்ளைவீலை இழுத்துக் கழற்ற புல்லர் என்ற கருவி வேண்டும், அதை மட்டும் நான் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் புல்லைப் பிய்த்துப் போடுகிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது. கையை அடியில் விடும் முன் பிளக் வயரைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் வழிந்து ஃபில்டரை நனைத்துவிடும். அரத்தால் தீட்டிய பிறகு, சுவரில் அடித்த ஆணியில் பிளேடின் நடு ஓட்டையை மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது இறக்கை மாதிரி வளைந்த ஓரம் மேலே, எஞ்சின் பக்கம் இருக்கட்டும். நான் ஒருமுறை தலைகீழாக மாட்டிவிட்டு, எஞ்சின் ஜோராக ஓட, ஒரு புல்கூட விழாமல் தோட்டத்தை முழுச் சுற்று வந்திருக்கிறேன்.