கணினி கேள்வி–பதில்: தொடாமல் விட்டால் லாக் அவுட் ஆகும் லினக்ஸ்

(பதில்களில் வரும் கட்டளைகளை டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்.)

கேள்வி: உபுண்டு 24.04 பயன்படுத்துகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து மவுஸை அசைத்தால், பயனர் பெயரைக் கேட்கும் முதல் திரை நிற்கிறது. திறந்து வைத்திருந்த எதுவும் இல்லை. சில நாள் இப்படி ஆகிறது, சில நாள் ஆவதில்லை. எத்தனை நிமிடத்தில் லாக் அவுட் ஆக வேண்டும் என்ற செட்டிங் எங்கே இருக்கிறது?

பதில்: அந்த செட்டிங்கைத் தேடுவதை விட்டுவிடுங்கள். உபுண்டு, ஃபெடோரா போன்றவை நிறுவிய நிலையில், கணினியைத் தொடவில்லை என்பதற்காக யாரையும் வெளியேற்றுவதில்லை. திரையை அணைக்கும், பூட்டும், சஸ்பெண்டுக்குப் போகும், அவ்வளவுதான். செட்டிங்கால் நடந்தால் ஒவ்வொரு முறையும் அதே நிமிடக் கணக்கில் நடக்கும். உங்களுக்குச் சில நாள் மட்டும் ஆகிறது என்பதால், பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் செத்து விழுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை நடந்தவுடன் 'அப்டைம்' கட்டளையைக் கொடுங்கள். கணினி சில நிமிடங்களாகத்தான் ஓடுகிறது என்று வந்தால் அது லாக் அவுட்டே இல்லை, ரீபூட். பவர் சப்ளை, ரேம், சூடு என்று வேறு வழியில் தேட வேண்டும். பல மணி நேரமாக ஓடுகிறது என்றால் உங்கள் செஷன் (லாகின் செய்ததிலிருந்து வெளியேறும் வரையிலான அமர்வு) மட்டும் முடிந்திருக்கிறது. 'லாஸ்ட்' கட்டளை அது முடிந்த நேரத்தைக் காட்டும். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடப் பதிவுகளை 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் 'சின்ஸ்', 'அன்டில்' என்ற தேர்வுகளோடு நேரத்தைக் கொடுத்து எடுங்கள். நேரத்தைக் குறுக்காமல் முழுப் பதிவையும் படிக்க உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கான வரிகளில் தொலைந்துபோவீர்கள்.

அதில், டெஸ்க்டாப்பை நடத்தும் 'க்னோம்-ஷெல்' பெயருடன், புரோகிராம் செத்து விழுந்ததைக் குறிக்கும் 'செக்ஃபால்ட்', 'கோர் டம்ப்' என்ற சொற்கள் வருகின்றனவா பாருங்கள். திரையில் காட்ட லினக்ஸில் வேலேண்ட், எக்ஸ்11 (எக்ஸார்க்) என்று இரண்டு முறைகள் உண்டு. வேலேண்ட் முறையில் திரையை வரைவதும் ஜன்னல்களை நடத்துவதும் அந்த ஒரே புரோகிராம்தான். அது விழுந்தால் திறந்திருந்த எல்லாமே கூடவே போய்விடும். எக்ஸ்11 முறையில் க்னோம்-ஷெல் மட்டும் விழுந்தால் மறுபடி எழுந்துகொள்ளும், ஜன்னல்கள் பிழைக்கும். உபுண்டு 24.04-இல் பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு, கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சிக்கல் நின்றுவிட்டால் சந்தேக வட்டம் பாதியாகச் சுருங்கிவிடும்.

சும்மா இருக்கும்போது மட்டும் ஏன் விழுகிறது? பெரும்பாலும் திரை அணைகிற, விழிக்கிற நொடியில்தான். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்த சில மானிட்டர்கள் தூங்கும்போது கேபிளைப் பிடுங்கியதுபோல இணைப்பையே துண்டித்துக்கொள்ளும். திரையே இல்லாத நிலையைச் சமாளிக்கத் தெரியாமல் டிரைவரோ ஷெல்லோ விழுகிறது. இதைச் சோதிக்க, செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய்த் திரை அணையும் நேரத்தை 1 நிமிடமாக வைத்து, அணைந்து விழிப்பதை ஐந்தாறு முறை கவனியுங்கள். விழுந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. மானிட்டரின் சொந்த மெனுவில் 'டீப் ஸ்லீப்' இருந்தால் அணையுங்கள், அல்லது எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறுங்கள். பதிவில் 'ஜிபியு ஹாங்', 'ரிங் டைம்அவுட்', 'எக்ஸ்ஐடி' போன்ற சொற்கள் இருந்தால் கிராபிக்ஸ் பக்கம்தான் கோளாறு. கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவரையும் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் முன்பாக க்னோம் எக்ஸ்டென்ஷன்கள் (டெஸ்க்டாப்பில் சேர்த்த கூடுதல் வசதிகள்) அனைத்தையும் அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

கேள்வி: எனக்கும் அதே தொல்லை. பதிவில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருக்கிறது. ரேம் 8 ஜிபி. நான் எழுந்து போகும்போது பிரவுசர் மட்டும்தான் திறந்திருக்கும்.

பதில்: நீங்கள் எழுந்து போனாலும் பிரவுசர் டேப்கள் ஓய்வதில்லை, கோப்பு அட்டவணை தயாரிப்பு, பேக்கப், அப்டேட் தேடல் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடும். ரேம் தீர்ந்ததும் கெர்னல் ஒரு புரோகிராமைத் தேர்ந்து கொல்லும். அது பிரவுசராக இருந்தால் தப்பித்தீர்கள். எக்ஸார்க்கோ க்னோம்-ஷெல்லோ சிக்கினால் செஷனே முடிந்தது. உபுண்டு 22.04 முதல் 'சிஸ்டம்டி-ஊம்டி' என்ற காவலாளியும் உண்டு. ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் வட்டு இடம்) 90 சதவீதம் நிரம்பி ரேமும் தீரும் நிலையில், கெர்னலுக்கு முன்பே அது புகுந்து, ஒரு புரோகிராமை அதன் துணைப் புரோகிராம்களோடு மொத்தமாகக் கொல்லும். பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

பலர் அந்தக் காவலாளியை அணைத்துவிடச் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அணைத்தால் கணினி நிமிடக்கணக்கில் உறைந்து, பிறகு கெர்னல் கொல்லும். ஸ்வாப்பைப் பெரிதாக்குவதே சரி. 'ஸ்வாப்ஆஃப்' கொடுத்துப் பழைய ஸ்வாப் கோப்பை விடுவித்து, 'எஃப்அலோகேட்' கட்டளையால் அதை 8 ஜிபி ஆக்கி, அனுமதியை 600 என்று மாற்றி, 'எம்கேஸ்வாப்', பிறகு 'ஸ்வாப்ஆன்'. எல்லாவற்றுக்கும் முன்னால் 'சூடோ' (நிர்வாகி உரிமையில் இயக்கும் சொல்) வேண்டும். இந்த வரிசை எக்ஸ்ட்4 கோப்பமைப்பு உள்ள வட்டுக்கு; பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பு உள்ள வட்டில் முறை வேறு. பிரவுசரில் பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் வசதியையும் இயக்குங்கள்.

கேள்வி: அலுவலகக் கணினியில் டெபியன் 12. சரியாக 15 நிமிடம் தொடாவிட்டால் வெளியேறிவிடுகிறது. இரவில் ஓடவிட்ட கணக்கீடும் நின்றுபோகிறது.

பதில்: சரியாக 15 நிமிடம் என்றால் அது யாரோ வைத்த விதிதான். சர்வீஸ்களையும் லாகின்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 252-ஆம் பதிப்பில் 'ஸ்டாப்ஐடில்செஷன்செக்' என்ற தேர்வு வந்தது. டெபியன் 12-இல் இருப்பது அந்தப் பதிப்பே. இயல்பில் அணைந்திருக்கும், பாதுகாப்பு விதிகளின்படி 900 விநாடி என்று வைக்கிறார்கள். 'சிஸ்டம்டி-அனலைஸ்' கட்டளையுடன் 'கேட்-கான்ஃபிக்', பிறகு 'சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப்' என்று கொடுத்தால், எந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியும். அங்கே இல்லாவிட்டால் 'ஆட்டோலாக்', 'டைம்அவுட்டி' என்ற பொதிகள் நிறுவப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். 'டிமவுட்' என்ற ஷெல் மாறியையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அது சும்மா கிடக்கும் டெர்மினலை மூடும், டெஸ்க்டாப்பை மூடாது.

அந்த வரியை நீங்களாக அழிக்காதீர்கள். விதி அலுவலகத்தினுடையது, கேட்டு மாற்றுங்கள். கணக்கீட்டைக் காப்பாற்ற வேறு வழி உண்டு. நிர்வாகியிடம் சொல்லி உங்கள் கணக்குக்கு 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' கொடுக்கச் செய்யுங்கள். பிறகு வேலையை 'சிஸ்டம்டி-ரன்' கட்டளையில் 'யூசர்' தேர்வோடு தொடங்குங்கள். அப்போது அது உங்கள் செஷனைச் சாராமல் ஓடும்.

கேள்வி: சுபுண்டுவில் (உபுண்டுவின் ஒரு வகை) திரும்பி வந்தால் லாகின் திரை. பாஸ்வேர்டு கொடுத்தால் எல்லா ஜன்னல்களும் அப்படியே இருக்கின்றன.

பதில்: அப்படியானால் லாக் அவுட் ஆகவில்லை. 'லைட்-லாக்கர்' என்ற பூட்டு, தனக்கென்று திரை வைத்துக்கொள்ளாமல் லாகின் திரையையே காட்டும். குழப்பமாக இருந்தால் அதை நீக்கிவிட்டு 'எக்ஸ்எஃப்சிஇ4-ஸ்க்ரீன்சேவர்' நிறுவுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி: என்விடியா கார்டு. சஸ்பெண்டிலிருந்து எழுப்பினால் திரை சிதைந்து, சில சமயம் லாகின் திரைக்கே போய்விடுகிறது.

பதில்: தூங்கும்போது கார்டின் நினைவகம் அழிந்துபோகிறது. என்விடியாவின் சொந்த டிரைவரில் 'என்விரெக்_பிரிசர்வ்வீடியோமெமரிஅலோகேஷன்ஸ்' என்ற தேர்வை 1 ஆக்கி, 'என்விடியா-சஸ்பெண்ட்', 'என்விடியா-ரெஸ்யூம்', 'என்விடியா-ஹைபர்னேட்' ஆகிய மூன்று சர்வீஸ்களையும் 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' மூலம் இயக்கி ரீபூட் செய்யுங்கள். தூங்கும்முன் கார்டின் நினைவகம் இயல்பாக டெம்ப் அடைவில்தான் சேமிக்கப்படும். அங்கே கார்டின் நினைவக அளவுக்கு மேல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சஸ்பெண்டே தோற்றுப்போகும்.